பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும்: ஸ்காட்லாந்தில் வீடு தேடும் பெற்றோருக்கு





தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நமக்குப் ‘பள்ளி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அல்லாஹ்வின் இல்லமே. “பள்ளிக்குப் போய்வருகிறேன்” என்று வாப்பா சொன்னால், அவர் தொழச் செல்கிறார் என்பது வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கும் விளங்கும். பாடம் படிக்கும் இடத்தைப் பள்ளிக்கூடம் என்று தனியே குறிப்பிடுவதே நம் வழக்கம். ஆனால் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்த, குடிபெயரவிருக்கும் குடும்பங்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி வேறு விதமாக அமைகிறது. “உஸ்தாத், நல்ல பள்ளி எந்தப் பகுதியில் இருக்கிறது? அங்கே வீடு பார்க்க வேண்டும்” என்கிறார்கள். இந்தக் கேள்வியில் வரும் பள்ளி, பள்ளிக்கூடம் மட்டுமே. தொழும் பள்ளியைப் பற்றிய விசாரணை, வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை.

கேள்வி தவறானதன்று. பிள்ளைகள் அமானிதம். அவர்களின் கல்வியைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோர் தம் பொறுப்பைக் குறித்து மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆயினும் இக்கேள்வி முழுமையானதாக இல்லை. அதனை முழுமையாக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தந்தையின் துஆ

குடும்பத்தை எங்கே குடியமர்த்துவது என்ற கவலை நமக்குப் புதியதன்று. இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் மனைவியையும் பச்சிளம் குழந்தையையும் விளைச்சலற்ற ஒரு பள்ளத்தாக்கில், அல்லாஹ்வின் புனித இல்லத்தருகே குடியமர்த்தினார்கள். அப்போது அவர்கள் கேட்ட துஆவை ‘இப்ராஹீம்’ என்னும் அத்தியாயத்தில் காண்கிறோம். அந்தத் துஆவின் வரிசையைக் கவனியுங்கள். தம் சந்ததியினர் தொழுகையை நிலைநாட்ட வேண்டும் என்பதே அவர்கள் முதலில் சொன்ன நோக்கம். மனிதர்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்பது அடுத்த வேண்டுதல். கனிவகைகளால் அவர்களுக்கு உணவளிக்க வேண்டும் என்பது அதற்கும் அடுத்தது.

தொழுகை, நல்ல மனிதர்களின் உறவு, வாழ்வாதாரம். வீடு தேடும் தந்தைக்கு இதைவிடச் சிறந்த பட்டியல் கிடைக்காது. இந்த மூன்றையும் ஸ்காட்லாந்தின் நிலவரத்தோடு பொருத்திப் பார்ப்பதற்கு முன், அங்குள்ள ஆரம்பக் கல்வி ஏற்பாட்டைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம்.

எல்லைக்கோடும் விண்ணப்பமும்

ஸ்காட்லாந்தில் கல்வி முறை இங்கிலாந்தினின்று வேறுபட்டது. 32 கவுன்சில்கள் தத்தம் பகுதியின் அரசுப் பள்ளிக்கூடங்களை நடத்துகின்றன. ஆரம்பக் கல்வி பிரைமரி 1 முதல் பிரைமரி 7 வரை ஏழு ஆண்டுகள். பிள்ளைகள் பெரும்பாலும் நாலரை வயதுக்கும் ஐந்தரை வயதுக்கும் இடையே, ஆகஸ்ட் மாத நடுவில் சேர்கிறார்கள். அந்நாளில் ஐந்து வயது நிறைவடையாத பிள்ளையை ஓராண்டு தாமதித்துச் சேர்க்கவும், அந்த ஆண்டில் கட்டணமின்றி நர்சரியில் வைத்திருக்கவும் 2023 முதல் பெற்றோருக்கு உரிமையுண்டு. மொழி பழகாத நிலையில் வந்து சேரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. பலரும் இதனை அறியாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ‘கேட்ச்மென்ட்’ எனப்படும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைக்கு வழக்கமாக அங்கே இடம் கிடைக்கும். வீட்டு விலையும் வாடகையும் எல்லைக்கோட்டின் இருபுறமும் வேறுபடுவதற்குக் காரணம் இதுவே. எல்லைக்கு வெளியே உள்ள பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் ‘பிளேசிங் ரிக்வெஸ்ட்’ என்னும் விண்ணப்பம் செய்யலாம். ஆகஸ்டில் சேர விரும்புவோர் மார்ச் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும்; ஏப்ரல் 30-க்குள் கவுன்சில் பதில் தர வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். இவ்வாறு சேர்க்கப்படும் பிள்ளைக்குப் போக்குவரத்து வசதி தரும் கடமை பொதுவாகக் கவுன்சிலுக்கு இல்லை. தம்பி தங்கைக்கும் அதே இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

வகுப்பின் அளவுக்கும் வரம்பு உண்டு. பிரைமரி 1-இல் 25 பிள்ளைகள், பிரைமரி 2, 3-இல் 30 பிள்ளைகள், அதற்கு மேல் 33 பிள்ளைகள் என்பதே உச்ச அளவு. நம் ஊரில் அறுபது பிள்ளைகளோடு ஒரே அறையில் அமர்ந்து படித்த நமக்கு, ஸ்காட்லாந்தின் ‘சாதாரண’ பள்ளிக்கூடமே எவ்வளவு பெரிய நிஃமத் என்பது இதிலிருந்து விளங்கும்.

தரவரிசை சொல்வது என்ன?

ஆரம்பப் பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்தும் பட்டியல் எதையும் ஸ்காட்லாந்து அரசு வெளியிடுவதில்லை. பிரைமரி 1, 4, 7 ஆகிய வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் எதிர்பார்க்கப்படும் நிலையை எட்டினர் என்னும் தரவு வெளியாகிறது. அதனை எடுத்துச் செய்தித்தாள்கள் பட்டியல் போடுகின்றன. கிளாஸ்கோவை ஒட்டிய நியூட்டன் மேர்ன்ஸ், கிஃப்னாக், பேர்ஸ்டன் போன்ற வசதியான புறநகர்ப் பகுதிகளின் பெயர்கள் பெற்றோரின் உரையாடல்களில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

இந்தப் பட்டியலை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்து அரசு ஒவ்வொரு சிறு பகுதியின் வறுமையையும் அளந்து ஒரு குறியீட்டை வெளியிடுகிறது. வறுமை மிகுந்த பகுதிகளின் பிள்ளைகளுக்கும் வசதியான பகுதிகளின் பிள்ளைகளுக்கும் இடையே கல்வி அடைவில் இடைவெளி இருப்பதை அரசே ஆண்டுதோறும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே பட்டியலின் உச்சியில் உள்ள பள்ளிக்கூடம், ஆசிரியர்களின் திறமையோடு பெற்றோரின் வசதியையும் சேர்த்தே காட்டுகிறது. படித்த தாயும் தந்தையும் இரவில் அமர்ந்து கதைப்புத்தகம் வாசித்துக் காட்டும் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாசிக்கக் கற்றுக்கொள்ளும். நம் பெற்றோரில் பலர் பட்டதாரிகள். அவர்கள் விலை கொடுத்து வாங்க நினைப்பதில் பாதி, ஏற்கெனவே அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

பட்டியலைவிடப் பயனுள்ளது அரசின் கல்வி ஆய்வாளர்கள் தரும் அறிக்கை. கற்பித்தல், பிள்ளைகளின் நலம், சமத்துவம் முதலானவற்றை அவர்கள் ஆறு நிலைகளில் மதிப்பிடுகிறார்கள். எல்லாப் பள்ளிக்கூடங்களும் ஆண்டுதோறும் ஆய்வுக்குள்ளாவதில்லை என்பதால், அறிக்கை எந்த ஆண்டினுடையது, தலைமையாசிரியர் இன்னும் அவர்தானா என்பதைப் பார்ப்பது அவசியம். அதைவிடவும் பயனுள்ளது நேரில் செல்வது. ஒரு வேலைநாளில் மூன்று மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள், நிறமும் மொழியும் வேறுபட்ட பிள்ளைகள் சேர்ந்து நடக்கிறார்களா, ஆசிரியர் பெயர் சொல்லி விடைகொடுக்கிறாரா என்பவற்றை எந்தப் பட்டியலும் சொல்லாது.

பொய்யான முகவரி

இனி, சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லைக்குள் வீடு கிடைக்காதபோது, அங்கு வசிக்கும் உறவினரின் முகவரியைத் தம் முகவரியாகக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. “கல்விக்காகத்தானே உஸ்தாத், யாருக்கும் நஷ்டமில்லையே” என்றார் ஒருவர்.

நஷ்டம் உண்டு. வகுப்பில் 25 இடங்கள். பொய்யான முகவரியில் ஒரு பிள்ளை அமர்ந்தால், உண்மையாகவே அந்தத் தெருவில் வசிக்கும் ஒரு பிள்ளைக்கு இடமில்லாமல் போகலாம். அது பிறர் உரிமையைப் பறிப்பதாகும். அதைவிடப் பெரிய நஷ்டம் நம் வீட்டுக்குள் நேர்கிறது. “டீச்சர் கேட்டால் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறோம் என்று சொல்” என்று ஐந்து வயதுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அது பள்ளிக்கூடம் போகும் முன்பே பிள்ளை கற்கும் முதல் பாடமாகிவிடும். பொய்யின் மீது கட்டிய கல்வியில் பரக்கத்தை எவ்வாறு எதிர்பார்ப்பது? சட்டம் விண்ணப்பிக்க வழி தந்திருக்கும்போது அந்த வழியில் செல்வோம். கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால் அதிலும் நன்மை உண்டென நம்புவோம்.

வட்டியும் வாடகையும்

அடுத்தது வாழ்வாதாரம். வசதியான பகுதியில் வீடு வாங்க, வட்டிக்கடன்தான் பலருக்கும் முன்னால் வந்து நிற்கிறது. ஐரோப்பிய ஃபத்வா மற்றும் ஆய்வு மன்றம் 1999-இல், குடியிருக்க வேறு வழியற்ற முஸ்லிம்களுக்குச் சில நிபந்தனைகளோடு இதில் சலுகை கூறியதையும், அறிஞர்கள் பலர் அதனை ஏற்காமல் மறுத்ததையும் நாம் அறிவோம். அந்த விவாதத்தை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம்: அந்தச் சலுகை பேசுவது குடியிருப்புக்கான நிர்ப்பந்தத்தைப் பற்றி. ஒரு பள்ளிக்கூடத்தைவிட இன்னொன்று பட்டியலில் பத்து இடம் மேலே இருப்பது நிர்ப்பந்தமாகாது. வட்டியின் எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை அறிந்தவர், பிள்ளையின் படிப்பைக் காரணம் காட்டி அதனை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். வட்டியில்லா முறையில் வீட்டுநிதி தரும் நிறுவனங்கள் பிரிட்டனில் இருக்கின்றன. ஆனால் ஸ்காட்லாந்தின் சொத்துச் சட்டம் தனியானது. ஆகவே அங்குள்ள வீட்டுக்கும் தருவார்களா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு இருப்பதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. 2017 டிசம்பர் முதல் அங்கு நடைமுறையில் உள்ள தனியார் வாடகை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. சட்டம் குறிப்பிடும் காரணமின்றி உரிமையாளர் வெளியேற்ற முடியாது. குடியிருப்பவரோ 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஓராண்டு வாடகைக்கு இருந்து பகுதியையும் மனிதர்களையும் பார்த்தறிந்து முடிவெடுப்பது, தொலைவிலிருந்து வரைபடத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட மேலானது.

டிசம்பர் மாத மாலை

நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த ஒரு பையனின் குடும்பத்தைப் பற்றிச் சொல்வது பொருத்தமாக இருக்கும். தந்தை மருத்துவமனைப் பணியாளர். பெரிதும் அலைந்து, பெயர்பெற்ற ஒரு பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு பிடித்தார். பிள்ளையின் ஆங்கிலம் ஆறு மாதத்தில் சரளமானது. ஆனால் பள்ளிவாசலுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். தாய்க்குக் கார் ஓட்டத் தெரியாது. உயர்ந்த வாடகையைச் சமாளிக்கத் தந்தை கூடுதல் ஷிஃப்டுகளை ஏற்றார். கோடையில் வாரம் நான்கு நாள் வந்த பையன், குளிர்காலத்தில் ஒரு நாள் வந்தான், பின்பு நின்றுவிட்டான். மறு ஆண்டு வந்தபோது, மனப்பாடமாக இருந்த சூராக்களில் பாதி போய்விட்டிருந்தது. அதைவிட நம்மை வருத்தியது வேறொன்று. “ஜமாஅத்தில் யார் பக்கத்தில் நின்று தொழுவாய்?” என்று கேட்டோம். “நான் ஜும்ஆவுக்குப் போனதில்லை” என்றான்.

இதற்கு அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் விசாரித்த எவரும் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கிளாஸ்கோவில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குச் சூரியன் மறைகிறது. டிசம்பர் இறுதியில் பிற்பகல் 3.45 அளவிலேயே மறைந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் விடுவது ஏறத்தாழ மூன்று மணிக்கு. பிள்ளை வீடு வந்து சேர்வதற்குள் அஸர் முடிந்து மக்ரிப் நெருங்கிவிடும். மாலை மதரஸா நடக்கும் நேரமோ முழு இருட்டு, பெரும்பாலும் மழை. கோடைக்கால மாலையில் நடந்தே போய்விடலாம் என்று தோன்றும் தூரம், அந்நேரத்தில் ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் கடக்க இயலாத தூரமாகிவிடுகிறது. ஆகவே ஸ்காட்லாந்தில் வீடு பார்ப்பவர் பள்ளிவாசலின் தூரத்தை டிசம்பர் மாத மாலை ஐந்து மணியைக் கொண்டு அளக்க வேண்டும் என்கிறோம்.

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தின் முஸ்லிம்கள் 1,19,872 பேர், மக்கள்தொகையில் 2.2 விழுக்காடு. 2011-இல் இது 1.4 விழுக்காடாக இருந்தது. அதே 2022-இல் பாதிக்கும் மேற்பட்டோர் தமக்கு மதம் இல்லை என்று பதிந்திருந்தனர். கடற்கரை கிராமமொன்றின் அழகிய சிறு பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை ஒருவனே முஸ்லிமாக இருக்கக்கூடும். பெரிய நகரங்களிலோ ஜமாஅத்துகள் வேரூன்றியுள்ளன. கிளாஸ்கோவில் கிளைட் நதிக்கரையில் மத்தியப் பள்ளிவாசல் நிற்கிறது. பாலக்ஷீல்ட்ஸ் போன்ற பகுதிகளில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. எடின்பரோ, டன்டீ, அபர்தீன் நகரங்களிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. தொலைதூர லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில்கூட 2018-இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது.

பள்ளிக்கூடத்துக்குள் நம் பிள்ளை

முஸ்லிம்களுக்கென்று அரசு நடத்தும் பள்ளிக்கூடம் ஸ்காட்லாந்தில் இல்லை. பொதுப் பள்ளிக்கூடங்களும், 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின்கீழ் வந்த கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுமே பெரும்பான்மை. கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களின் ஒழுக்கத்தையும் கட்டுப்பாட்டையும் விரும்பிச் சேர்க்கும் முஸ்லிம் பெற்றோர் உண்டு. அங்கு அன்றாட வாழ்வில் கிறித்தவ வழிபாடு கலந்திருக்கும் என்பதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். எந்த அரசுப் பள்ளிக்கூடமானாலும், மத போதனையிலிருந்தும் வழிபாட்டு நிகழ்ச்சியிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளக் கோரும் உரிமை பெற்றோருக்குச் சட்டத்தில் உண்டு. பாடத்தில் பல மதங்களோடு இஸ்லாமும் கற்பிக்கப்படுகிறது. ஆகவே எதையும் கண்ணை மூடிக்கொண்டு விலக்காமல், ஆசிரியரிடம் கேட்டறிந்து, வழிபாட்டையும் பாடத்தையும் பிரித்துப் பார்ப்பது அறிவுடைமை.

பிரைமரி 1 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். ஹலால் உணவு தரும் ஏற்பாடு இடத்துக்கு இடம் மாறுவதால் சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளையைச் சேர்த்த ஒவ்வொரு பெற்றோரும் அப்பள்ளிக்கூடப் பெற்றோர் பேரவையின் உறுப்பினரே. அதன் குழுவில் நம்மவர் எத்தனை பேர் அமர்கிறோம்? ஈத் நாளைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லை என்று வெளியே முறையிடுவதைவிட, உள்ளே அமர்ந்து எடுத்துச் சொல்வது நம் கடமை.

நியூட்டன் மேர்ன்ஸில் ஸ்காட்லாந்தின் ஒரே யூத அரசு ஆரம்பப் பள்ளிக்கூடமும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடமும் 2017 முதல் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. 2013-இல் அபர்தீனில் பள்ளிவாசலில் இடம் போதாமல் குளிரில் வெளியே தொழுதவர்களுக்கு, அருகிலிருந்த தேவாலயத்தார் தம் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். மனித உள்ளங்கள் சாய வேண்டும் என்ற அந்தத் துஆவை இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது நினைத்துக்கொள்கிறோம். நல்ல அண்டை வீட்டார் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடச் சொல்லும் ஒரு கூற்று நம்மிடையே வழங்குகிறது. அது நபிமொழி என்பதற்கான அறிவிப்புத்தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் அறிஞர்கள். ஆயினும் அனுபவம் அதன் கருத்துக்குச் சாட்சி சொல்கிறது.

நமது கருத்து

“உஸ்தாத், உங்களுக்கென்ன, ஓதினால் போதும் என்பீர்கள். பிள்ளை பின்தங்கிவிட்டால் யார் பொறுப்பு?” என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மோசமான பள்ளிக்கூடத்தைச் சகித்துக்கொள்வதைத் தக்வா என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை அங்கே அவமதிக்கப்பட்டால், கற்பித்தல் உண்மையிலேயே பழுதாக இருந்தால், அங்கிருந்து மாற்றுவதே கடமை. பள்ளிவாசலுக்கு எதிரே குடியிருப்பதால் மட்டும் பிள்ளை தொழுகையாளியாகிவிடுவான் என்றும் சொல்லவில்லை. வீட்டில் தொழுகை இல்லாவிட்டால் பள்ளிவாசலின் நிழல் பயன் தராது.

நாம் சொல்வது இவ்வளவே. முதலில் பள்ளிவாசலையும் மதரஸாவையும் குளிர்காலத்தில் சென்றடையக்கூடிய பகுதிகளை வரைந்துகொள்ளுங்கள். அவற்றுள், வட்டியின்றியும் குடும்பத்தின் மாலைப் பொழுதைப் பறிகொடுக்காமலும் குடியிருக்க இயன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள பள்ளிக்கூடங்களை நேரில் கண்டு, அறிக்கைகளைப் படித்து, நல்லதைத் தேர்வு செய்யுங்கள். தேவையெனில் மார்ச் 15-க்கு முன் நேர்மையாக விண்ணப்பியுங்கள். இவ்வாறு தேடினால் பட்டியலின் முதலிடம் கிடைக்காமல் போகலாம். தந்தை மாலையில் வீட்டிலிருக்கும், தாய்க்குப் பேச ஆளிருக்கும், பிள்ளை தன் வயதொத்தவனோடு ஸஃப்பில் நிற்கும் ஒரு வாழ்க்கை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நாம் குறிப்பிட்ட அந்தப் பையனின் குடும்பம் சென்ற ஆண்டு வீடு மாறியது. புதிய பள்ளிக்கூடம் எந்தப் பட்டியலிலும் முன்னே இல்லை. அங்கும் அவன் நன்றாகவே படிக்கிறான். ஓதலை மீண்டும் ஜுஸ்உ அம்மவிலிருந்து தொடங்கியிருக்கிறோம். மறந்ததை மீட்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம் என்று அவனே சொல்கிறான். மற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கடினம் நேராதிருக்கவே இதனை எழுதினோம்.

யா அல்லாஹ்! எங்கள் சந்ததியினரைத் தொழுகையை நிலைநாட்டுவோராக ஆக்குவாயாக! அவர்கள் வாழும் ஊரை அச்சமற்றதாகவும், அங்குள்ளோரின் உள்ளங்களை அவர்கள்பால் அன்பு கொண்டவையாகவும் ஆக்குவாயாக! அவர்களுக்குப் பயனளிக்கும் கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் வழங்குவாயாக! ஆமீன்.